விளக்கிக் கூறப்பட்டது

என் கண் மஞ்சளாகியிருப்பதை முதலில் பார்த்தவர் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அன்றைய செய்திகளை அங்கிருந்து அனுப்பிவிட்டுக் காசு கொடுக்க நின்றேன்.

"சார், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. கண்ணு இன்னா இப்டி கீது? காமாலை சார்" என்றார். மீதிச் சில்லறையை என் கையில் தராமல் மேசைமேல் வைத்தார்.

நான்கு நாட்களாகவே அடையாளங்கள் இருந்தன. சிறுநீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் போனது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் அரித்தது. புதுச் சோப்பு என்று நினைத்துக்கொண்டேன். வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு வலி வந்து வந்து போனது. இருபத்திரண்டு வருடங்களாக ஒரு நாளிதழுக்குத் திண்டிவனத்திலிருந்து செய்தி அனுப்புகிறேன். ஒரு பேருந்து கவிழ்ந்தால் ஐந்து பேரிடம் விசாரிக்காமல் எழுத மாட்டேன். என் உடம்பைப் பற்றி ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி செசிலி கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் கீழாநெல்லி பறித்து வந்து தந்தார். மோரில் அரைத்துக் கொடுத்தாள், குடித்தேன். உப்பில்லாமல் சாப்பிட்டேன். ஒரு நாள் முழுக்க இப்படிப் போயிற்று. மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், குளிர் வந்தது. பல் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் குளிர். இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. அரை மணி நேரத்தில் அது நின்று, காய்ச்சல் ஏறியது.

திண்டிவனத்திலேயே ஸ்கேன் எடுத்த டாக்டர் கருவியை என் வயிற்றில் ஓரிடத்தில் நிறுத்தி, அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தார். பித்தப்பையில் உருவான கல் ஒன்று நழுவி, பித்தம் குடலுக்கு இறங்கும் குழாயில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். மஞ்சளுக்குக் காரணம் அதுதான். கீழாநெல்லி கல்லை நகர்த்தாது.

"குளிர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப இங்க வேணாம். இன்னிக்கே விழுப்புரம் போயிடுங்க."

மணி பன்னிரண்டரை. அவர் "இன்னிக்கே" என்ற சொல்லைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, செசிலியைப் பார்த்தார். நான் பயப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஒலக்கூர் பக்கத்திலிருந்து செசிலியின் தம்பி அந்தோணி ஒரு வாடகைக் காரோடு வந்தான். நான்கு ஏக்கரில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் பயிரிடுகிறவன், பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினர், என்மேல் அளவுக்கு மீறிய மரியாதை உள்ளவன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ஒண்ணும் பயப்படாதீங்க மாமா. உங்களுக்குத் தெரியாத ஆபீசரா? ஒரு போன் போட்டா வேலை முடிஞ்சிடும்."

"யாருக்கும் போன் போடாதே. நான் பத்திரிகைன்னு அங்க யாருக்கும் சொல்லாதே."

"ஏன் மாமா?"

காரணத்தைச் சொல்லும் தெம்பு இல்லை. பத்திரிகைக்காரன் என்று தெரிந்தால் ஒரு தனியார் மருத்துவமனை இரண்டில் ஒன்று செய்யும். விழுந்து விழுந்து கவனிக்கும், அல்லது வம்பு வேண்டாமென்று வேறு ஊருக்கு அனுப்பிவிடும். எது நடக்கும் என்று கணக்குப் போடும் நிலையில் நான் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன்.

அந்த மருத்துவமனை மூன்று மாடி. ரயில் நிலைய அறிவிப்பு ஜன்னல் வழியாகக் கேட்கும். இரண்டாவது மாடியில் நான்கு கட்டில்கள் உள்ள அறையில் என்னைப் படுக்கவைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பித்தத்தின் மஞ்சள் ரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டியது எனக்குப் பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஒரு இளம் பெண் டாக்டர் கட்டில் விளிம்பில் கைவைத்து நின்று பொறுமையாகச் சொன்னார்.

"பித்தம் கீழ இறங்க வழியில்லாம தேங்கி நிக்குது சார். தேங்கினதுல கிருமி பிடிச்சிருக்கு. அதனாலதான் குளிர். ஊசி போட்டிருக்கோம். ஆனா அடைப்பை எடுத்து வடிச்சு விட்டாத்தான் சரியாகும்."

"வடிக்கலைன்னா?"

"ரத்தத்துல கலந்துடும்."

அடுத்து ஒரு வாக்கியம் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் பேட்டி எடுத்தவனுக்கு, சொல்லாமல் விடுகிற வாக்கியம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

வடிப்பதற்கான வழியின் பெயர் ஈ.ஆர்.சி.பி. கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக இரைப்பையைத் தாண்டிக் குடல்வரை இறக்கி, பித்தக் குழாயின் வாயைக் கொஞ்சம் கீறி, கல்லை இழுத்துவிடுவது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இதைச் செய்யும் டாக்டர் பாண்டிச்சேரியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மட்டும் வருவார். அன்று வியாழன். "நாளைக்கு உங்களுக்கு வெச்சிருக்கோம். நாளைக்கே மூணு மணிக்குள்ள அட்வான்ஸ் கட்டிட்டா மயக்க டாக்டருக்குச் சொல்லிடுவோம்" என்றார் அந்தப் பெண் டாக்டர்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?"

"அது பில்லிங்ல கேளுங்க சார்."

பில்லிங்கில் போய்க் கேட்ட செசிலியிடம் டாக்டர்தான் சொல்லவேண்டும் என்றிருக்கிறார்கள். மேலே வந்து இதைச் சொன்னவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உட்டுடுங்க. படுத்துக்கினு இருக்கிற ஆளு காசு பேசக் கூடாது. உசுருக்கு விலை கேக்கற மாதிரி இருக்குது" என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லாக் குடும்பங்களிலும் இதுதான் வழக்கம். நோயாளி காதுபட யாரும் தொகை பேச மாட்டார்கள். வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். மருத்துவமனைக்கும் இது தெரியும்.

அரிப்பு தாங்கமுடியவில்லை. நகம் பட்டால் புண்ணாகும் என்று சீப்பின் முதுகுப்புறத்தால் செசிலி என் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் சுவரில் இருந்த பலகைகளைப் படித்தேன். காலணியைக் கழற்றவும். அமைதி காக்கவும். கைபேசியை அணைக்கவும். பார்வையாளர் நேரம். காப்பீட்டு அட்டை வைத்திருப்போர் தரைத்தளத்தை அணுகவும். கட்டணம் என்ற சொல் எந்தப் பலகையிலும் இல்லை. கீழே கேன்டீனில் மட்டும் இட்லி, பொங்கல், வடை, டீ எல்லாவற்றுக்கும் விலை எழுதியிருந்ததாகச் செசிலி சொன்னாள்.

பலகைகளை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு செய்தி எழுதியிருந்தேன். மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை, வருகிறவர்கள் கண்ணில் படும்படி, உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கவேண்டும் என்று மத்திய அரசின் சட்ட விதி சொல்கிறது. ஒரு நுகர்வோர் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் இதைப் பற்றிப் பேசினார். நான் விதியை வாங்கிப் படித்து, ஆறு பத்தி எழுதினேன். ஆறாவது பத்தியில்தான் உண்மையான விஷயம் இருந்தது. இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மட்டுமே இது செல்லும். தமிழ்நாடு ஏற்கவில்லை. இங்கே தனியாக ஒரு பழைய சட்டம் உண்டு, அதற்கு அன்றுவரை விதிகள் எழுதப்படவில்லை.

பத்திரிகையில் இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டுவார்கள். எங்கள் தொழிலில் முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடம் இது. அதனால்தான் முக்கியமானதை முதலில் எழுது என்பார்கள். நான் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அன்று ஏனோ சுவையானதை முன்னால் வைத்து, அதைச் செல்லாததாக்கும் விஷயத்தைக் கடைசியில் வைத்தேன். மறுநாள் ஐந்து பத்தி வந்தது. 'மருத்துவமனைகளில் கட்டணப் பலகை கட்டாயம்' என்று தலைப்பு. ஒரு நாள் முழுக்க உறுத்தியது. திருத்தம் போடச் சொல்லிக் கேட்கவில்லை. மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் குளிர் வந்தது. முதல் தடவையைவிட நீளம். மருந்து ஏற்றும் ஊசி கையிலிருந்து நழுவி, வேறு இடத்தில் குத்தினார்கள். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள், டாக்டருக்குப் போன் செய்யப் போனாள். செசிலியின் கழுத்தில் சங்கிலி இல்லாததை அப்போது கவனித்தேன். அவள் புடவையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். இரண்டு மணிக்கு அந்தோணி பணத்தோடு கீழே போனான். இருபத்தையாயிரம்.

இரண்டே முக்காலுக்குச் செசிலி மூச்சிரைக்க வந்தாள்.

"அந்தோணி பணம் கட்டலை. கீழ சண்டை போட்டுக்கினு இருக்கான். பேப்பரைக் காட்டி இன்னாமோ கேக்கறான்."

"எந்தப் பேப்பர்?"

"உங்க பேப்பர்தான். நீங்க எழுதினது. பிளாஸ்டிக் ஒட்டி வெச்சிருக்கான்."

எழுந்து உட்காரப் பார்த்தேன். முடியவில்லை. அவனைக் கூப்பிடு என்றேன். அவள் படியிறங்குவதற்குள் அவனே மேலே வந்தான். பின்னால் மருத்துவமனையின் மேலாளர். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தாதவர்.

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்றான் அந்தோணி. லேமினேட் செய்த துண்டை என் கண்ணெதிரே பிடித்தான். "போர்டு மாட்டணும்னு சட்டம் இருக்குதா இல்லியா? எத்தினி ரூபா ஆவும்னு சொல்லாம இருபத்தஞ்சு கட்டு, அப்புறம் பாக்கலாம்னா இன்னா நியாயம்? ஆடு வாங்கறதுக்குக்கூட பல்லைப் புடிச்சுப் பாத்து விலை பேசறோம்."

மேலாளர் என்னிடம் குனிந்தார். "நீங்க பிரஸ்ஸா சார்? சொல்லவேயில்லியே. விவசாயம்னு இருக்குது."

அந்தோணியின் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க உடம்பு இருக்கிற நிலைமைக்கு, பெரிய சென்டர்ல பாக்கறது உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. மெட்ராசுக்கு ரெஃபர் லெட்டர் தந்துடறேன். ஆம்புலன்சும் சொல்லிடறேன்."

சென்னைக்கு மூன்றரை மணி நேரம். அங்கே போய் மறுபடி ரத்தம், மறுபடி ஸ்கேன், மறுபடி சேர்க்கைப் படிவம். குளிர் திரும்ப வருவதற்கு முன் எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு வயது ஐம்பத்தொன்று. அந்த நிமிடத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். பாண்டிச்சேரி டாக்டர் வரும்போது நான் இந்தக் கட்டடத்தில் இருக்கவேண்டும்.

"அந்தோணி, அந்தச் செய்தி முழுசு இல்லை" என்றேன். "சட்டம் இருக்குது. நம்ம ஸ்டேட்டுல செல்லாது. அதை நான் கடைசியில எழுதினேன், வெட்டிட்டாங்க. தப்பு என்னுது."

அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"முப்பது காப்பி எடுத்துக் கோயில்ல பூசை முடிஞ்சி குடுத்தேனே மாமா" என்றான், கெஞ்சுகிற குரலில். "எங்க மாமா எழுதினதுன்னு சொல்லிக் குடுத்தேனே."

"போய்ப் பணத்தைக் கட்டு."

மேலாளர் நகரவில்லை. கையிலிருந்த கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"நீங்க பெரிய மனுஷன் மாதிரி பேசினீங்க. நாங்களும் பேஷண்ட்டை விரட்டறவங்க இல்ல. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. எல்லாரும் போடறதுதான்."

ஒப்புதல் படிவம். அச்சடித்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை, ஏனென்றால் படித்தேன். 'சிகிச்சையின் தன்மை, அதில் உள்ள ஆபத்துகள், கட்டண விவரம் ஆகிய அனைத்தும் எனக்குப் புரியும் மொழியில் முழுமையாக விளக்கிக் கூறப்பட்டது.' 'கூறப்பட்டன' என்று வரவேண்டும் என்றுகூட மனதில் ஓடியது. அதன்கீழ் கோடு. கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். செசிலி சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாள்.

மாலை ஆறரைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாண்டிச்சேரி டாக்டர் ஒல்லியான மனிதர். என் வாயில் கடிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைப்பதற்கு முன்னால் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். பயம் அதிகமானால் மனிதன் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறான். எவ்வளவு ஆகும் டாக்டர் என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "எனக்கே தெரியாது சார். எனக்குத் தர்றது தெரியும். உங்ககிட்ட வாங்கறது தெரியாது. திரும்பிப் படுங்க."

கல் ஒன்று இல்லை, மூன்று. இரண்டை எடுத்தார். மூன்றாவது உடையவில்லை. அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, பித்தம் இறங்க வழி செய்தார். ஸ்டென்ட் என்பார்கள். விரல் நீளம் இருக்கும். மூன்று மாதத்துக்குள் மறுபடி வாய் வழியாகப் போய், மிச்சக் கல்லையும் குழாயையும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் குழாயே அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் குளிர் வரும்.

மறுநாள் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கடுத்த நாள் அரிப்பு நின்றது. சாப்பிடக் கூடாது என்று தெரிந்தும் அந்தோணி கேப்பைக் கூழ் கொண்டுவந்தான். நான் குடிக்க முடியாததால் எதிர்க்கட்டில்காரரின் மனைவியும் செசிலியும் குடித்தார்கள். அவன் என்னோடு அதிகம் பேசவில்லை. ஆறாம் நாள் பில் வந்தது. ஏழு பக்கம். அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம். விலை ஏறட்டும் என்று வீட்டில் வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகளை அவன் முந்தின நாளே விற்றுவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீடு திரும்பியதும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "எட்டு மாசம் ஆன நியூசுக்குத் திருத்தமா? உடம்பைப் பாத்துக்குங்க சார்" என்றார்கள். அந்தோணி, தான் கொடுத்த முப்பது பிரதிகளையும் திரும்ப வாங்க வீடு வீடாகப் போனான். பதினொன்று கிடைத்தது. இரண்டு பேர், எங்கள் வீட்டில் நோயாளி இருக்கிறார், இது இருக்கட்டும் என்று தர மறுத்துவிட்டார்களாம். செல்லாது என்று சொல்லியும் மறுத்தார்களா என்று கேட்டேன்.

"சொன்னேன் மாமா. செல்லாட்டியும் கேட்டுப் பாக்கலாமேன்றாங்க."

இப்போது இரண்டரை மாதம் ஆகிறது. குழாய் உள்ளே இருக்கிறது. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கண்ணைப் பார்க்கிறேன். சிறுநீரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். மின்விசிறிக் காற்றில் தோல் சிலிர்த்தால் தெர்மாமீட்டரைத் தேடுகிறேன். போன வாரம் விழுப்புரம், பாண்டிச்சேரி, செங்கல்பட்டு என்று நான்கு மருத்துவமனைகளுக்குப் போன் செய்து, குழாயை எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். நான்கு இடத்திலும் பேஷண்ட்டைக் கூட்டி வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பேஷண்ட்டே நான்தான் என்றேன். அப்போதும் அதையேதான் சொன்னார்கள்.

செசிலி கீரை ஆய்ந்துகொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். கல் எடுத்த அதே மருத்துவமனைக்குப் போட்டு, மேலாளரைக் கூப்பிடச் சொன்னாள்.

"நான் திண்டிவனம் பேஷண்ட் வீட்டுக்காரம்மா பேசறேன் சார். பேப்பர்காரரு. ஆமா, நல்லா இருக்காரு. ஒரு சின்ன விஷயம். நாங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்துல, கட்டணம் எல்லாம் எங்களுக்கு விளக்கிச் சொல்லிட்டீங்கன்னு போட்டிருக்குது. நானும் சாட்சி போட்டிருக்கேன். அன்னிக்கு இருந்த பேஜாருல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீங்க சொன்னதை இன்னொரு வாட்டி சொல்லிட்டீங்கன்னா எழுதிக்குவேன்."

அவள் கையில் என் பேனா. ஏதோ தாள் புரளும் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு அவர் ஒரு தொகையைச் சொன்னார். குழாய் எடுக்க இவ்வளவு, கல் உடைக்க வேண்டி வந்தால் இவ்வளவு, ஒரு நாள் கட்டில் இவ்வளவு. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகு எழுதினாள்.

"இதுக்கு மேல போவாதே? சரிங்க. உங்க பேரு இன்னா சார்? ஸ்பெல்லிங் சொல்லுங்க."

எழுதிய தாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். அந்தோணி வந்து பார்த்தான். பணம் இருக்குது, போலாம் என்றான்.

வரும் செவ்வாய்க்கிழமை. அதிகாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மூன்றாவது கல் இந்த முறை உடையும் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லியிருக்கிறார். நிச்சயமாக என்று சொல்லவில்லை. இப்போது நான் பயந்துகொண்டிருப்பது அந்தக் கல் ஒன்றுக்கு மட்டும்தான்.